கெடிலக்கரையில் உள்ளமைதி: தமிழ்க் கிறித்தவத்தில் பாட்டும் பந்தியும் மௌனமும்

கடலூருக்கு மேற்கே, கெடிலக்கரையில் உள்ள திருவந்திபுரம் திருமங்கையாழ்வார் பாடிய தலம். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் இங்கே பல்லாண்டு தங்கி, தேவநாதப் பெருமாள் மீது மும்மணிக்கோவையும் நவமணிமாலையும் பாடினார். தன்னைக் காத்துக்கொள்ளும் பாரத்தைத் தானே சுமக்காமல் இறைவன் திருவடியில் இறக்கிவைப்பது அவர் விரித்துரைத்த சரணாகதி நெறியின் சாரம். இதே ஆற்றின் மேற்பகுதியில் திருவதிகை இருக்கிறது. சூலை நோயில் துடித்த நாவுக்கரசர் ஆறுதல் கண்ட இடம் அது. தெற்கே மணிவாசகரின் தில்லை. மனத்தின் பாரம் எப்படி இறங்கும் என்ற கேள்வியை, கிறித்தவம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரம் பாடிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குத் தமிழ்க் கிறித்தவம் தந்த விடை முந்நூறு ஆண்டுகளில் எப்படி உருமாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். யாரோடு அமர்ந்து உண்பது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்த போதெல்லாம் அந்த விடை மெலிந்தது. அதை நேரில் சந்தித்த போதெல்லாம் வலுப்பெற்றது. என் வாதம் இதுதான்.

கடலூரில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கம் தரங்கம்பாடியிலிருந்து வந்தது. 1706-இல் அங்கே இறங்கிய சீகன்பால்க், 1717-இல் கடலூரில் பள்ளி தொடங்க வழிசெய்தார். 1737-இல் இங்கே தனி மிஷன் அமைந்தது. 1740-இல் வந்த கீர்னாண்டர், 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடிக்கும்வரை பணியாற்றி, பிறகு கல்கத்தா சென்றார். இவர்கள் பயிற்சி பெற்றது ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே உருவாக்கிய பக்தி இயக்கத்தில். கொள்கை அறிவைவிட உள்ளம் மாறுவதே பெரிது என்றது அந்த இயக்கம். அன்றாட மறைவாசிப்பும் தனி ஜெபமும் தன்னைத் தானே சோதித்தறிவதும் மனத்தைத் தெளிவிக்கும் என்று அது நம்பியது. சீகன்பால்க் கொன்றைவேந்தன், உலகநீதி போன்ற தமிழ் நீதிநூல்களை 1708-இலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்ததற்கும் இந்தப் பயிற்சியே காரணம் என்று கருதுகிறேன். நல்லொழுக்கத்தையும் அகச்சோதனையையும் பற்றிப் பேசும் நூல் எந்தச் சமயத்தில் கிடைத்தாலும் அவர் காது கொடுத்தார்.

ஆனால் ஹாலேயின் பக்தி ஜெர்மன் மெட்டுகளில் வந்தது. தமிழ்ச் செவிக்கு அது இசைவானது அடுத்த இரண்டு தலைமுறைகளில்தான். அதில் பெரும்பங்கு வேதநாயகம் சாஸ்திரியாருடையது (1774–1864). நெல்லையில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்ற அவர், பெத்லகேம் குறவஞ்சியையும் எண்ணற்ற கீர்த்தனைகளையும் இயற்றினார். துக்க வீட்டிலும் விடியற்கால ஜெபத்திலும் தமிழ்க் கிறித்தவர் இன்றும் அவர் பாட்டுகளைப் பாடித்தான் மனம் தேறுகிறார்கள். ஜெபத்துக்கு வார்த்தை வராத நேரத்தில் பாட்டு வந்துவிடுகிறது. அந்தக் கொடையை எவராலும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் வரலாற்றின் கசப்பான பக்கத்தை மறைப்பதற்கில்லை. 1820-களில் இளைய மிஷனரிமார் சிலர், கோயிலில் எல்லாரும் வேறுபாடின்றி அமரவேண்டும், திருவிருந்தை ஒன்றாகப் பெறவேண்டும் என்று வற்புறுத்தியபோது, வேளாளக் கிறித்தவர் தரப்பில் நின்று அதை எதிர்த்து எழுதியவர் இதே சாஸ்திரியார். 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். பலர் சபையைவிட்டே விலகினர். தனி மனிதரின் நெஞ்சுக்கு ஆறுதல் தந்த பாட்டு, கோயிலின் பின்வரிசையில் அமர்த்தப்பட்டவருக்கு அதே ஆறுதலைத் தந்திருக்குமா? தந்திருந்தால் அது அவர்களுடைய விசுவாசத்தின் பெருமை, பாட்டுக்காரரின் பெருமையன்று.

இந்த இடத்தில் நம் கெடில வட்டாரம் மீண்டும் வருகிறது. மாயூரத்தில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ், சாதி வழக்கங்களை அந்த மிஷன் பொறுத்துக்கொண்டதை ஏற்க மறுத்து வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நிலையம் நிறுவினார். டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வளர்ந்ததே. ஓக்ஸ் பெரிய நூலாசிரியர் அல்லர். ஒரு பந்தியில் உட்காராத இருவர் ஒரே அமைதியைப் பெற்றதாகச் சொல்ல முடியாது என்ற நிலையைத் தம் வேலையை இழந்து நிலைநாட்டியவர். உள்ளமைதியின் வரலாற்றில் அவருக்கு இடம் தரப்படாதது பெருங்குறை.

இலக்கியத்தில் இந்தத் தேடலின் உச்சி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் செய்த இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாயிற்று. முதுகில் பாவச்சுமையோடு புறப்படும் பயணி, சிலுவையடியில் அச்சுமை கழன்று விழக் காண்பது அதன் நடுநாயகம். இந்தக் காட்சியை அவர் தேசிகரிடமிருந்து எடுத்தார் என்பதல்ல என் கருத்து. பனியனிடமே அது உண்டு. ஆனால் பாரத்தை இறைவனிடம் ஒப்படைக்கும் மரபில் வளர்ந்த ஒருவர் அதைப் பாடியதால்தான், மொழிபெயர்ப்பின் வாடையே இல்லாமல் அது தமிழ்ப் பக்திப் பாடலாக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் தேடல் ஆசிரமங்களுக்குச் சென்றது. 1921-இல் சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்தின் பாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். திராவிடக் கட்டடக்கலையில் எழுந்த ஜெபாலயம், எளிய உடை, ஏழைகளுக்கான மருத்துவமனை ஆகியவற்றோடு இந்தியரும் ஐரோப்பியரும் சமமாகக் கூடி வாழ்வதும் அங்கே ஜெபத்தின் பகுதியாக இருந்தது. 1950-இல் குளித்தலை அருகே காவிரிக்கரையில் மோன்ஷனென், ஹென்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தை நிறுவினர். லெ சோ அருணாசலக் குகைகளில் மௌனம் காத்தார்; திருக்கோவிலூர் அருகே தபோவனத்தில் இந்துத் துறவி ஞானானந்தரைச் சந்தித்து, அந்த அனுபவத்தைத் தனி நூலாகவும் எழுதினார். 1968-இல் பொறுப்பேற்ற பீட் கிரிபித்ஸ் காலத்தில் உலகெங்குமிருந்து மக்கள் அங்கே வந்தார்கள். அந்த மௌனம் உண்மையானது. ஆனால் உபநிடத மொழியில் ஆழ்ந்த அந்த ஆசிரமம், தமிழ்க் கிறித்தவரில் பெரும்பாலோரான தலித் மக்களின் வாழ்விலிருந்து விலகியே இருந்தது என்று 1980-களில் தலித் இறையியலாளர் எழுப்பிய குறை நியாயமானதே.

அவர்களுள் தமிழில் தனித்து நிற்பவர் மதுரை இறையியல் கல்லூரி ஆசிரியர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்று மாணவர் அழைத்தவர். கர்நாடக இசைக் கீர்த்தனைக்குப் பதிலாகக் கிராமிய மெட்டுகளில் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் சமைத்ததை எல்லாரும் பங்கிட்டு உண்பதே இறையாட்சி என்று பாடினார். பாட்டும் பந்தியும் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகப் பிரிந்து கிடந்தன. அவரிடம் அவை மீண்டும் ஒன்றுசேர்ந்தன. மனம் தெளிவதற்கு முதல் தேவை, தான் இழிந்தவன் என்று ஊர் சொல்லித்தந்த பொய் நெஞ்சைவிட்டு நீங்குவது என்பதை அவர்போல் பாடியவர் இலர்.

கிறித்தவத் தியானம் பற்றி எழுதும் நம் ஆய்வாளர்கள் சாந்திவனத்தோடு நின்றுவிடுகிறார்கள். கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வட்டாரச் சபைகளின் பழைய பதிவேடுகளையும், வீட்டு ஜெபங்களில் முதியவர்கள் நினைவிலிருந்து பாடும் பாட்டுகளையும் தொகுக்கும் வேலை காத்திருக்கிறது. அந்த முதியவர்கள் இருக்கும்போதே இளம் ஆய்வாளர்கள் அதைத் தொடங்கவேண்டும்.