மலிவு விலை மெக்கானிக்கல் கீபோர்டு

ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச், அதையொட்டி நினைத்த நிறத்தில் ஒளிரும் எல்இடி. இவை இரண்டும் அமைந்த கீபோர்டு 2014இல் கையில் காசு தாராளமாக உள்ளவர்களுக்கே எட்டியது. அந்த ஆண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த கோர்சேர் கே70 ஆர்ஜிபி, ரேசர் பிளாக்விடோ குரோமா ஆகிய இரண்டின் விலையும் ஏறத்தாழ 170 டாலர். சில ஆண்டுகளிலேயே ரெட்ராகன் என்ற சீன நிறுவனத்தின் கே552 குமாரா 30, 40 டாலருக்குக் கடைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் இதே வகைக் கீபோர்டுகள் இப்போது இரண்டாயிரம் முதல் நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வாங்குபவரின் கண்ணைப் பறிப்பது வெளிச்சம். ஆனால் விலை இறங்கியதற்கும், வாங்கிய பொருள் பல ஆண்டு உழைப்பதற்கும் காரணம் அந்த வெளிச்சத்துக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்தான்.

அலுவலகங்களில் காணும் சாதாரணக் கீபோர்டு மெம்பரேன் வகையைச் சேர்ந்தது. மின்கடத்தும் கோடுகள் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், அவற்றுக்கு நடுவில் துளையிட்ட மூன்றாவது தாள், மேலே ரப்பர் குமிழ்கள் என்பது அதன் கட்டுமானம். விசையை அழுத்தினால் குமிழ் மடங்கி, மேல்தாள் கீழ்த்தாளைத் தொடும். பெரும்பாலும் விசையை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாளடைவில் ரப்பர் தளர்ந்துவிடும். ஒரு விசை கெட்டால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசையும் ஒரு முழுக் கருவி. ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு உலோகத் தகடுகள், இவற்றை மூடும் சிறு கூடு. தண்டு கீழே இறங்கும்போது அதுவரை விலக்கி வைத்திருந்த தகட்டை விடுவிக்கிறது. தகடு அசையாத முனையைத் தொட்டதும் எழுத்து பதிவாகிறது. விசை அடிவரை போக வேண்டியதில்லை, பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடும்.

இந்த அமைப்பின் மூலவடிவம் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச். 1953இல் வால்டர் செர்ரி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய இந்த நிறுவனம் பின்னர் ஜெர்மனியின் அவுர்பாக் ஊருக்கு இடம்பெயர்ந்தது. எம்எக்ஸ் சுவிட்ச் 1980களின் முற்பகுதியில் உருவாகிக் காப்புரிமை பெற்றது. அப்போது அதை வாங்கியவர்கள் கணினி விளையாட்டு ஆடுபவர்கள் அல்லர். வங்கி, கிடங்கு, அலுவலகக் கணினி முனையங்களைச் செய்தவர்கள். தண்டின் உச்சியில் கூட்டல் குறி வடிவம், தண்டின் நிறத்தைக் கொண்டே வகையைச் சொல்லும் வழக்கம் ஆகிய இரண்டும் செர்ரி விட்டுச்சென்ற பொதுமொழி. சிவப்பு என்றால் தடையின்றி நேராக இறங்கும். பழுப்பு என்றால் நடுவில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படும். நீலம் என்றால் அந்த மேட்டோடு ‘டக்’ என்ற ஒலியும் சேரும். செர்ரி சிவப்பு சுவிட்ச் சுமார் 45 சென்டிநியூட்டன் அழுத்தத்தில், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும். முழுப் பயணம் 4 மில்லிமீட்டர். நீலத்தில் பதிவாகும் ஆழம் 2.2 மில்லிமீட்டர்.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் சீனத் தொழிற்சாலைகள் இதே வடிவத்தில் இறங்கின. கைல், கேட்ரான், அவுடெமு, டிடிசி ஆகியவை இன்று கீபோர்டு ஆர்வலர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்கள். தொடக்கத்தில் இவற்றை வெறும் நகல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அந்த மதிப்பீடு நிலைக்கவில்லை. கேட்ரானின் சிவப்பு சுவிட்ச் செர்ரியைவிட வழுவழுப்பாக இறங்குகிறது என்று ஆர்வலர்கள் பலர் அதையே தேடி வாங்கத் தொடங்கினர். ரேசர்கூட 2014இல் தன் சொந்தப் பெயரிலான பச்சை சுவிட்சைக் கைல் நிறுவனத்திடம் செய்து வாங்கியது. அவுடெமு போட்டியிட்டது விலையில். பட்ஜெட் கீபோர்டின் கதையில் பெரும்பகுதி அவுடெமு நீல சுவிட்சின் கதை என்றே சொல்லிவிடலாம்; குமாராவின் உள்ளேயும் அதுவே இருந்தது.

குமாராவைச் சற்று நின்று பார்ப்பது தகும். வலப்பக்க எண்பகுதி இல்லாத 87 விசைகள், பிளாஸ்டிக்கோடு உலோகமும் சேர்ந்த உடல், இரட்டை வார்ப்பில் செய்த கீகேப்புகள் எனும் விசை மூடிகள், கழற்ற முடியாத கேபிள். யமா, மித்ரா, இந்திரா, தேவராஜாஸ் என்று தன் கீபோர்டுகள் பலவற்றுக்குத் தேவர் பெயர் சூட்டுவது ரெட்ராகனின் வழக்கம். அந்த வரிசையில் குமாராவே மிக அதிகமாகப் பேசப்பட்டது. ஒரே மாடல் மூன்று வெளிச்சங்களில் வந்தது: சிவப்பு மட்டும் எரியும் பதிப்பு, ரெயின்போ பதிப்பு, ஆர்ஜிபி பதிப்பு. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் வாங்கி ஏமாற்றம் அடைகிறவர்கள் இன்றும் உண்டு.

ரெயின்போ பதிப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறம் நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு வரிசை சிவப்பு என்றால் என்றைக்கும் சிவப்புதான். அலையாக ஓடச் செய்யலாம், மங்கி ஒளிரச் செய்யலாம், நிறத்தை மட்டும் மாற்ற முடியாது. உண்மையான ஆர்ஜிபியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அடங்கிய எல்இடி இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள் என்பதால் 1,67,77,216 சேர்க்கைகள் கிடைக்கும், பெட்டியில் ‘16.8 மில்லியன் நிறங்கள்’ என்று அச்சிடுவது இந்தக் கணக்கைத்தான். ‘மல்டிகலர்’, ‘மிக்ஸ்டு கலர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ரெயின்போ. ‘பெர் கீ ஆர்ஜிபி’ என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் ஒவ்வொரு விசையின் நிறமும் வாங்கியவர் கையில்.

மூன்று நிறங்களில் நீலம்தான் நெடுநாள் பிடிகொடுக்காமல் இருந்தது. சிவப்பு எல்இடி 1960களிலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீல எல்இடியை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1993இல் தயாரித்துக் காட்டினார். அந்தத் துறையில் உழைத்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ இருவரோடும் சேர்ந்து அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்த ஆண்டு 2014. ஆர்ஜிபி மெக்கானிக்கல் கீபோர்டுகள் கடைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை ஒற்றை நிற எல்இடியைச் சுவிட்சின் மேற்புறத் துளையில் செருகிப் பற்றவைத்தார்கள். செர்ரியின் ஆர்ஜிபி சுவிட்ச் கூட்டைக் கண்ணாடிபோலத் தெளிவாக்கி, எல்இடியைக் கீழே சர்க்யூட் பலகையிலேயே வைத்தது. தொடக்கத்தில் கோர்சேருக்கு மட்டும் வழங்கப்பட்ட அந்த ஏற்பாடு, இன்று மிக மலிவான கீபோர்டிலும் பொது வழக்கமாகிவிட்டது.

வெளிச்சத்துக்கு மின்சாரம் வேண்டும்; இங்கேதான் பொறியாளரின் கைத்திறன் தெரிகிறது. ஒரு நிறத்துக்கு 20 மில்லிஆம்பியர் என்று வைத்தால், 87 விசைகளும் முழு வெண்மையில் எரிய 5 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். யூஎஸ்பி 2.0 துறை தருவதோ 500 மில்லிஆம்பியர். ஆகவே எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறிமாறி ஏற்றி அணைக்கிறார்கள். கைபேசிக் கேமராவில் எடுத்தால் கீபோர்டு மினுக்கி மினுக்கித் தெரிவதற்கு இதுவே காரணம். மூன்று நிறங்களின் சமநிலை துல்லியமாக அமையாத மலிவு மாடல்களில் வெள்ளை நிறம் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ சாய்ந்து தெரியும்.

வெளிச்சம் எழுத்தின் வழியே வெளியேற, கீகேப்பில் எழுத்து மட்டும் ஒளி ஊடுருவும்படி இருக்க வேண்டும். அதற்கு வழி இரண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின்மேல் கருப்புப் பூச்சு பூசி, எழுத்தின் வடிவில் லேசரால் சுரண்டி எடுப்பது மலிவான வழி. ஓரிரு ஆண்டில் பூச்சு தேய்ந்து, எழுத்தின் ஓரம் சிதையும். இரு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்க்கும் இரட்டை வார்ப்பில் எழுத்தே தனிப் பிளாஸ்டிக்; கீகேப் இருக்கும்வரை எழுத்தும் இருக்கும். கீகேப்பின் பொருளிலும் வேறுபாடு உண்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் விரல் பட்டுப் பட்டு எண்ணெய்ப் பளபளப்பு ஏறும், பிபிடி சொரசொரப்பு மாறாமல் நெடுநாள் நிற்கும். கேமிங் கீபோர்டுகளில் எண்ணும் குறியீடும் மேற்பாதியிலேயே நெருங்கி அமைந்திருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். எல்இடி சுவிட்சின் மேற்பக்கத்தில் இருப்பதால் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் சரியாக எட்டாது என்பதே காரணம்.

கேம் ஆடுபவருக்கு இவற்றைவிட முக்கியமானது, பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்பது. டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளால் நகர்ந்து, மவுசால் குறிபார்க்கும் முறையைக் குவேக் விளையாட்டில் பரவலாக்கியவர் டென்னிஸ் ஃபாங். 1997இல் நடந்த போட்டியில் வென்று, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் கார்மக்கின் ஃபெராரி காரைப் பரிசாக ஓட்டிச் சென்றவர் அவர். அந்த முறையில் இடக்கை நான்கைந்து விசைகளை ஒருசேர அழுத்தியபடியே இருக்கும். கீபோர்டின் உள்ளே விசைகள் குறுக்கும் நெடுக்குமான வலைப்பின்னலில் இணைந்துள்ளன. அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதுபோல் தோன்றும். மலிவான மெம்பரேன் கீபோர்டுகள் இதைத் தவிர்க்க மூன்றாவது விசையையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஓடிக்கொண்டே குதிக்க நினைத்தவர் குதிக்காமல் நிற்பார். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டையோடு வைத்து மின்சாரம் திரும்பிப் பாய்வதைத் தடுக்க முடியும். எத்தனை விசையை அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும் ‘என் கீ ரோல்ஓவர்’ வசதி பட்ஜெட் மாடல்களிலும் கிடைப்பது இந்த டையோடுகளால்தான்.

விளையாட்டுக்கென்று விற்கும் பட்ஜெட் கீபோர்டுகள் பலவற்றில் நீல சுவிட்ச் இருப்பது பொருத்தமான தேர்வு என்று சொல்வதற்கில்லை. நீலத்தில் விசை பதிவாகும் இடத்துக்கும், மறுபடி அழுத்தத் தயாராகும் இடத்துக்கும் இடைவெளி அதிகம். நன்றாக மேலே எழும்பிய பிறகுதான் அடுத்த அழுத்தம் கணக்கில் சேரும். ஒரே விசையை விரைந்து தட்டவேண்டிய ஆட்டங்களுக்குச் சிவப்பே ஏற்றது. நீலத்தின் ஒலி தட்டச்சு செய்பவருக்கு மகிழ்ச்சி தரும். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்தை அது நிச்சயம் கெடுக்கும்.

இந்தியச் சந்தையில் காஸ்மிக் பைட் நிறுவனத்தின் சிபி-ஜிகே-16 ஃபயர்ஃபிளை குமாராவுக்கு நெருங்கிய உறவு: அதே 87 விசைகள், அவுடெமு சுவிட்ச், ஒவ்வொரு விசைக்கும் தனி ஆர்ஜிபி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட செப்ரானிக்ஸும் மெக்கானிக்கல் கீபோர்டுகளை விற்கிறது. ஆனால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கேமிங் கீபோர்டு பல வண்ண விளக்கோடு வரும் மெம்பரேன் வகை. இந்த வேறுபாட்டைச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கேமிங்’ என்ற சொல்லும் வண்ண வெளிச்சமும் உள்ளே இருப்பது என்ன சுவிட்ச் என்பதைச் சொல்வதில்லை. ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று எழுதியிருந்தால் அது மெம்பரேன்தான். கடையில் ஒரு கீகேப்பைக் கழற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: மெக்கானிக்கல் என்றால் நிறமுள்ள கூட்டல் குறித் தண்டும் அதைச் சுற்றிச் சதுரக் கூடும் தெரியும்.

விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் எங்கே கைவைக்கிறார்கள் என்று தேடினால், முதலில் அகப்படுவது ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளைச் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர். அதில் மசகு போடாமல் விட்டால் கம்பி கடகடவென்று ஒலிக்கும். கூட்டின் உள்ளே நுரைப் பஞ்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலும் வெற்றுப் பெட்டிக்குள் எதிரொலிக்கும். இவற்றைக் கொஞ்சம் கிரீஸும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். மென்பொருள் குறையை அப்படித் தீர்க்க முடியாது. பல மாடல்களுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு சிறு நிரலே துணை. சிலவற்றில் அதுவும் இல்லாமல் எஃப்என் விசையோடு வேறொன்றை அழுத்தித்தான் வெளிச்சத்தை மாற்ற வேண்டும். இதில் கீக்ரான் நிறுவனத்தின் சி3 ப்ரோ கீபோர்டு துணிந்து வேறு வழியில் போனது. அதன் தொடக்கப் பதிப்பில் வண்ண விளக்கு கிடையாது, சிவப்பு மட்டும்தான். மிச்சமான செலவுக்குக் கியூஎம்கே என்ற திறமூல நிரலை ஏற்கும் வசதி கிடைத்தது. ஒவ்வொரு விசையின் வேலையையும் வாங்கியவரே மாற்றி எழுதிக்கொள்ளலாம். தட்டச்சும் நிரலாக்கமும் அன்றாட வேலையாக உள்ளவருக்கு அந்தப் பேரம் லாபமே.

ஒரு சுவிட்ச் பழுதானால் ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழும், அல்லது எழுத்தே விழாது. தூசும் ஈரமும் தகடுகளில் படிவதால் நேர்வது இது. பழைய மாடல்களில் பழுதான சுவிட்சின் ஈயப்பற்றை உருக்கி எடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். ‘ஹாட் ஸ்வாப்’ மாடல்களில் இடுக்கி ஒன்றால் பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும். ஆனால் எல்லா ஹாட் ஸ்வாப்பும் ஒன்றல்ல. சில மலிவுப் பலகைகளின் துளைகள் அவுடெமுவின் மெல்லிய ஊசிகளுக்கென்றே குறுகலாகச் செய்தவை. கேட்ரான், செர்ரி சுவிட்சுகள் அவற்றில் நுழையா.

இப்போது பட்ஜெட் சந்தையை நோக்கி வந்துகொண்டிருப்பது காந்த சுவிட்ச். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் 60எச்இ கீபோர்டால் பெயர்பெறச் செய்த இந்த வகையில் உலோகத் தகடுகள் உரசுவதில்லை. தண்டில் உள்ள காந்தம் எவ்வளவு இறங்கியது என்பதைப் பலகையில் உள்ள ஹால் உணரி அளக்கிறது. எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை ஆடுபவரே குறித்துக்கொள்ளலாம். விரல் சற்று எழும்பியதுமே விசை விடுபடும் ‘ரேபிட் ட்ரிகர்’ வசதி நீல சுவிட்சின் பழைய குறைக்கு நேர் எதிரானது. 2024 ஜூலையில் ரேசர், எதிரெதிர்த் திசை விசைகளில் கடைசியாக அழுத்தியதற்கே முன்னுரிமை தரும் ‘ஸ்னாப் டாப்’ வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்களில் அத்தகைய தானியங்கி உதவிகளைத் தடைசெய்தது. சீன நிறுவனங்கள் காந்த கீபோர்டுகளையும் விலை குறைத்து விற்கத் தொடங்கிவிட்டன. இந்தச் சுவிட்சுக்கு மின்முனை ஊசிகள் இல்லாததால் பழைய எம்எக்ஸ் பலகையில் அதைப் பொருத்த இயலாது. கீகேப்புகளை மட்டும் பெரும்பாலும் அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளலாம்; செர்ரி வகுத்த கூட்டல் குறித் தண்டு காந்த சுவிட்சிலும் தொடர்கிறது.