கூடைக்குள் வந்த காசு: 1725 இன் ஒரு வழக்கும் நீதிமன்றக் கணக்கும்

நீதிமன்ற வாசலில் ஒருநாள் நின்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். அங்கே தீர்ப்பு மட்டும் நடக்கிறதில்லை, காசும் நடக்கிறது. தண்டப்பணம், காசுப் பிணை, பிள்ளைத் தாபரிப்பு, வழக்கு முடியும் வரைக்கும் கட்டிவைக்கிற வைப்புப் பணம் என்று ஒவ்வொரு நாளும் சனம் காசைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நீதவானைப் பற்றி நாங்கள் கதைக்கிறோம், சட்டத்தரணியைப் பற்றிக் கதைக்கிறோம். அந்தக் காசை வாங்கி வைக்கிற மேசையைப் பற்றி ஆரும் பெரிதாகக் கதைக்கிறதில்லை.

அந்த மேசையைப் பற்றி ஒரு நாடே கதைத்த காலம் ஒன்று இருந்தது. அது இங்கிலாந்தில், முந்நூறு வருசத்துக்கு முதல் நடந்தது.

லண்டனில் சான்சரி என்று ஒரு நீதிமன்றம் இருந்தது. சொத்துத் தகராறு, உயில், நம்பிக்கைப் பொறுப்பு மாதிரியான வழக்குகள் அங்கேதான் போகும். வழக்கு முடிய வருசக்கணக்காகும். அதுவரைக்கும் வழக்காளிகளின் பணம் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். தகப்பன் இல்லாத பிள்ளைகளின் முதுசம், விதவைகளின் பங்கு, மனநலம் குன்றியவர்களின் சொத்து எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தப் பணத்தைக் கையில் வைத்திருந்த அலுவலர்களுக்குப் பெயர் 'மாஸ்ரர்'. எங்கட ஊரில் மாஸ்ரர் எண்டால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். அங்கே அவர் நீதிமன்றத்தின் மூத்த அலுவலர்.

பணம் மாஸ்ரரின் சொந்தப் பொறுப்பிலேயே கிடந்தது. அதை வெளியில் கொடுத்து வட்டி எடுத்தால் வட்டி அவருக்கு. முதல் பத்திரமாக இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்க்க ஆளில்லை. ஆகவே அந்தப் பதவிக்கு நல்ல கிராக்கி இருந்தது, பதவி விலைக்கும் போனது. விற்றவர் வேறு ஆருமில்லை, நாட்டின் தலைமை நீதிபதி போன்ற இடத்தில் இருந்த சான்சலர் பிரபுதான்.

1718 இல் அந்தப் பதவிக்கு வந்தவர் தோமஸ் பார்க்கர். லீக் என்ற சிறிய ஊரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்து, திறமையால் மேலே வந்தவர். பிறகு மக்கிள்ஸ்ஃபீல்ட் பிரபு ஆனார். அவருடைய காலத்தில் மாஸ்ரர் பதவியின் விலை கிடுகிடுவென்று ஏறியது. முதலில் 1,500 கினி கொடுத்து வந்தவர்கள் இருந்தார்கள், பிறகு வந்தவர்கள் 5,000 கினி வரைக்கும் கொடுத்தார்கள். எல்ட் என்ற மாஸ்ரர் தங்கக் காசையும் வங்கித் தாள்களையும் ஒரு கூடைக்குள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த கதை விசாரணையில் வெளியில் வந்தது.

இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பதவியில் இருக்கிறவர், போட்டதை எங்கேயிருந்து எடுப்பார்? கையில் கிடக்கிற வழக்காளிகளின் பணத்தில்தான். பதவி வாங்கிய காசையே அந்தப் பணத்தில் இருந்து நிரவியவர்களும் இருந்தார்கள்.

1720 இல் சவுத் சீ கம்பனியின் பங்கு விலை வானத்துக்கு ஏறி, அதே வருசத்திலேயே நிலத்தில் விழுந்தது. டோர்மர் என்ற மாஸ்ரர் பெரும் பற்றாக்குறையோடு தலைமறைவானார். அந்த இடத்திலேயே கணக்கைத் திறந்து பார்த்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மக்கிள்ஸ்ஃபீல்ட் பிரபு அதைச் செய்யவில்லை. மற்ற மாஸ்ரர்களிடம் ஆளுக்கு 500 பவுண் வாங்கி ஓட்டையை அடைக்கப் பார்த்தார். பிறகு கணக்குக் கேட்டு மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தபோது, ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துப் பெட்டி நிறைந்திருக்கிறமாதிரிக் காட்டச் சொன்னார் என்பதும் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. களவை விட மூடிமறைப்புத்தான் கூடச் சேதம் செய்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மூடிவைத்த வருசங்களிலும் புதுப்புது வழக்காளிகள் நம்பிக் காசு கட்டிக்கொண்டுதானே இருந்தார்கள்.

1725 ஜனவரியில் அவர் பதவி விலகினார். பொதுச்சபை 21 குற்றச்சாட்டுகளோடு அவர்மேல் குற்றப் பிரேரணை கொண்டுவந்தது. மே மாதம் பிரபுக்கள் சபையில் விசாரணை நடந்தது. பதவியை வாங்கிய மாஸ்ரர்கள்தான் முக்கிய சாட்சிகள். வாங்கியதும் குற்றம் என்பதால் அவர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள். அதற்காகப் பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்று போட்டு, உண்மையைச் சொன்னால் பதவி வாங்கிய குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று காப்புக் கொடுத்தது. சின்ன அலுவலரை மட்டும் பிடித்து உள்ளே போட்டுவிட்டுப் பெரியவரை விடுகிற எங்கட பழக்கத்துக்கு இது நேர்மாறு.

பிரபுவின் பதில் என்ன தெரியுமா? "எனக்கு முதல் இருந்தவர்களும் இப்படித்தான் வாங்கினவை." அதில் உண்மையும் இருந்தது. ஆனால் பதவி விற்பதைத் தடுக்கிற சட்டம் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது. வழக்கம் சட்டமாகாது என்று முடிவானது. வாக்களித்த 93 பிரபுக்களும் ஒருமித்துக் குற்றவாளி என்றார்கள். 30,000 பவுண் தண்டம், கட்டும் வரைக்கும் லண்டன் கோபுரத்தில் சிறை.

பெரிய மனிதர் ஒருவர் விழுந்ததோடு கதை முடிந்திருந்தால் இதை நாங்கள் எழுதியிருக்க மாட்டோம். அடுத்த வருசம், 1726 இல், நீதிமன்றத்துக்கென்று கணக்காளர் நாயகம் என்ற பதவி வந்தது. அதன் விதி எளிமையானது: கணக்கு எழுதுகிறவர் காசைத் தொடக்கூடாது. காசு இங்கிலாந்து வங்கிக்கு நேரே போகும். மாஸ்ரரின் பெட்டி இல்லாமல் போனது. நல்ல ஆளைத் தேடுவதை விட, கெட்ட ஆளும் கைவைக்க முடியாத ஏற்பாட்டைச் செய்வதுதான் கெட்டித்தனம் என்பதை அவர்கள் பட்டுத்தான் படித்தார்கள்.

கசப்பான பகுதியும் ஒன்று இருக்கிறது. காணாமல்போன பணத்தை நிரப்ப நீதிமன்றப் பத்திரங்கள்மேல் மேலதிக முத்திரை வரி போட்டார்கள். அதாவது மாஸ்ரர்கள் தின்றதைப் பிறகு வந்த வழக்காளிகள் கட்டினார்கள். பொதுப்பணம் தொலைகிற எந்த இடத்திலும் கடைசியில் கட்டுகிறது சனம்தான்.

எங்கட நீதிமன்ற நடைமுறைகளில் கனக்க ஆங்கிலேயர் விட்டுப்போனவை. காசும் கணக்கும் வேறு வேறு கையில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கு எங்களுக்குப் புதிதில்லை. கையில் சட்டங்களும் இருக்கின்றன. பொதுச் சொத்தைக் கையாடினால் தண்டிக்க 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துக்கள் மீதான தவறுகள் சட்டம் உண்டு. பொதுப் பணத்துக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பான அலுவலரிடமே அறவிட 2018 இன் தேசிய கணக்காய்வுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்குள் நீதிமன்றங்களும் வருகின்றன.

ஆனால் சட்டம் இருக்கிறது என்பது வேறு, கேட்க ஆள் இருக்கிறது என்பது வேறு. சான்சரியில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் தங்கட காசு எங்கே என்று கேட்கத் தெரியாமல், கேட்கப் பயந்து இருந்த வரைக்கும்தான் அந்தப் பெட்டிகள் வெறுமையாகிக்கொண்டு போயின. எங்கட அம்மம்மாக்களும் நீதிமன்றத்தில் காசைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கூட வாசிக்காமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருகிறவைதான். அடுத்தமுறை அவையோட கூடப் போங்கோ. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கோ, தொகையையும் வழக்கிலக்கத்தையும் அந்த இடத்திலேயே வாசித்துப் பாருங்கோ.