உளவுக் கச்சேரி வருவாய்க் கச்சேரியான கதை

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆவணப் பிரிவில்தான் என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. புது வரைபடம் வந்தால் வரவு ஏட்டில் பதிய வேண்டும், நகல் எடுத்து ஷாப்புக்கு அனுப்ப வேண்டும், பழைய நகலைத் திரும்ப வாங்கி ரத்து முத்திரை குத்த வேண்டும். அந்தப் பழக்கத்தால், வரலாறு படிக்கும்போதும் யார் ஜெயித்தார் என்பதைவிட, தாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்றுதான் என் கண் தேடும். அப்படித் தேடியதில் ஒன்று உறுதியாயிற்று. கிருஷ்ணகிரிச் சீமையின் முதல் கலெக்டர் கச்சேரி, ஒரு உளவுத் துறையின் தொடர்ச்சி.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முன்பே இந்தப் பக்கத்தில் தகவலுக்கு ஒரு வழி இருந்தது. மைசூரில் சிக்கதேவராஜ உடையார் 1672ல் தொடங்கிய அஞ்செ தபால் அது. ஓட்டக்காரர்கள் கடிதம் சுமந்தார்கள். தபால் அதிகாரிகள் ஊர்ச் சேதியை ரகசியமாக அரண்மனைக்கு எழுதினார்கள். ஹைதர் அலி அதை இன்னும் இறுக்கமான ஒற்றுத் துறையாக்கினார். கம்பெனிக்கு அப்படி எதுவும் இல்லை. மைசூர்ப் படை எங்கே நிற்கிறது என்பதே பல சமயம் சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். மூன்றாம் மைசூர்ப் போர்க் காலத்தில் ஆம்பூரை மையமாக வைத்து உளவு வேலையை நடத்தினார். அவருக்கு உதவியாளராக 1788ல் சேர்ந்த இளம் அதிகாரிதான், பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. மன்றோவுக்குப் பாரசீகமும் இந்துஸ்தானியும் தெரியும். அதுதான் இந்த வேலைக்கு முதல் தகுதி.

அன்றைய உளவுச் சேதி எப்படித் தாளாயிற்று என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹர்காரா என்ற செய்தியாள் கண்ணால் கண்டதை மனதில் சுமந்துகொண்டு வருவான். பிடிபட்டால் உயிர் போகும். ஆகவே பெரும்பாலும் வாய்மொழிதான். கச்சேரியில் முன்ஷி அதைக் கேட்டுப் பாரசீகத்தில் எழுதுவார். அதிகாரி அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பார். அந்த ஆங்கிலத்துக்கு நகல் எடுத்து, ஒன்றைத் தளபதிக்கு அனுப்பி, ஒன்றைக் கோப்பில் வைப்பார்கள். ஒரே சேதியை இரண்டு மூன்று ஆட்கள் தனித்தனியே கொண்டுவந்தால், அவற்றை அக்கம்பக்கம் வைத்து ஒப்பிடலாம். பேச்சாகக் கிளம்பியது இத்தனை கை மாறிப் பதிவேட்டில் வந்து அமரும்போது, கொண்டுவந்தவனின் பெயர் மட்டும் எங்கோ உதிர்ந்துவிடும். என் வேலையில் நகலில் பெயர் விட்டுப்போனால் ஏடு செல்லாது. அதனால்தானோ என்னவோ, இது என்னை மிகவும் உறுத்துகிறது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. கிருஷ்ணகிரிச் சீமை உள்ளிட்ட பாரமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. நிர்வாகத்துக்கு யாரை அனுப்புவது? சென்னையின் சிவில் அதிகாரிகளில் நாட்டு மொழி தெரிந்தவர்கள் அரிது என்பது கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் மனக்குறை. அவர் ரீட்டையே கலெக்டராக நியமித்தார். கூடவே மன்றோ, கிரஹாம், மெக்லியோட். நால்வருமே ராணுவத்தார். எதிரி நாட்டை அறிந்துகொள்ளக் கற்ற வித்தையை இனி சொந்தக் குடிகள்மேல் பிரயோகிக்க வேண்டியிருந்தது.

1793 முதல் 1798 வரை நில அளவை நடந்தது. வயல் வயலாக அளந்தார்கள். வரியோடு அவர்கள் விசாரணை நிற்கவில்லை. எந்தச் சாதியார், என்ன தொழில், எத்தனை தறி, எத்தனை மாடு, என்ன பயிர், எந்தச் சாலையில் எவ்வளவு சுங்கம் என்று எல்லாமே கேள்விகளாகக் கிளம்பி அட்டவணைகளாகத் திரும்பின. அதற்கு முன் ஹைதரின் மகன் திப்புவின் அரசில் கணக்கு பாரசீகம், மராத்தி, கன்னடம் என்று பல மொழிகளில் ஓடியது. கணக்குப்பிள்ளை வீட்டு ஓலைக்கட்டில் கிடந்த கிராமத்து அறிவு, இப்போது ஆங்கிலத் தாளில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. குடியானவனுக்கு நேரடிப் பட்டா என்ற ரயத்வாரி முறை இந்தத் தாள்களிலிருந்துதான் வளர்ந்தது. நன்மை இருந்தது, இடையில் நின்று சுரண்டிய குத்தகைதாரரை அது விலக்கியது. ஆனால் வானம் பொய்த்த வருஷத்திலும் வயலின் பேரில் எழுதிய தொகை ஏட்டில் நின்றுகொண்டே இருக்கும். ஒளிக்க இடமில்லாத அளவுக்கு அறியப்படுவது குடிக்கு லேசான காரியமல்ல.

இதிலே நம் ஊர்களின் நிலை தனி. 1792லிருந்து 1799 வரை ஏழு வருஷமும் கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் கம்பெனியிடம், ஓசூர் திப்புவிடம். இன்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகும் வழியில் அன்று நாட்டு எல்லை கிடந்தது. ராயக்கோட்டை மலையேறிப் பார்த்தவர்களுக்கு, ரீட்டின் கச்சேரிக்கு அளவை வேலையோடு எல்லைக்கு அப்பால் இருந்த திப்புவைப் பற்றிய கவலையும் ஏன் இருந்தது என்பது புரியும். மன்றோ வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு பக்கம் குடிகளின் நிலைமை, மறுபக்கம் திப்புவின் பலம் பற்றிய கணிப்பு என்று இரண்டும் கலந்தே வருகின்றன.

1799ல் திப்புவுக்கு எதிரான போரில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டு இந்த வழியாகவே வந்து, மார்ச் 5ல் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. பாரமகாலில் தானியமும் மாடும் திரட்டும் பொறுப்பு ரீட்டுடையது. எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பது அவருடைய கச்சேரிக்குத்தான் அத்துப்படியாயிற்றே. மே 4ல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. ஓசூர்ப் பக்கம் சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. திப்பு அரண்மனையில் அகப்பட்ட கடிதங்களில் ஒரு பகுதியை வில்லியம் கிர்க்பாட்ரிக் ஆங்கிலமாக்கி 1811ல் வெளியிட்டார். ரீட் காலத்துத் தாள்களைச் சென்னை அரசு 1907லிருந்து பாரமகால் ரெக்கார்ட்ஸ் என்று பிரிவு பிரிவாக அச்சிட்டது.

அந்தத் தொகுதிகள் முழுமையாகத் தமிழில் வர வேண்டும் என்பது என் ஆசை. ஓசூர், கிருஷ்ணகிரி நூலகங்களில் அவை இருக்க வேண்டும். தம் ஊரில் எந்தப் பயிர் விளைந்தது, எத்தனை தறி ஓடியது என்று இங்குள்ள பிள்ளைகள் சொந்த மொழியில் தேடிப் பார்க்கட்டும். தேடும்போது, சேதி கொண்டுவந்த ஹர்காராக்களில் ஒருவர் பெயராவது ஓரக் குறிப்பில் தட்டுப்பட்டால், அதைத் தனித் தாளில் எழுதி வைக்கட்டும்.