கிளித்தட்டு ஆடிய கரிசல்

கோவில்பட்டிக்குக் கால்பந்தில் பெரிய பெயர் கிடையாது. இது ஹாக்கி ஊர். 2021இல் ஆண்கள் ஜூனியர் தேசிய ஹாக்கிப் போட்டி இங்கேதான் நடந்தது. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டத்தை விளையாட்டாகவே பழக்கும் வித்தை இந்தக் கரிசல்காட்டுக்குப் புதிதல்ல என்பது என் கட்சி. அப்படிப் பழக்குவதற்கென்றே 'ஃபுனினோ' என்ற குட்டி ஆட்டத்தை வகுத்த ஹார்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியரும் ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து கால்பந்துக்கு வந்தவர்தான். அவர் ஆட்டத்தில் அணிக்கு மூன்று பேர். பக்கத்துக்கு ஒன்றாக அல்ல, இரண்டாக மொத்தம் நான்கு கோல்கள். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்து கிடக்கும். எது காலி என்று பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்த்தே ஆகவேண்டும்.

சங்கரன்கோவில் பக்கம் பிறந்த தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் எழுதிவைத்த கிளித்தட்டிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. நீளக் கட்டம், நடுவே ஒரு கோடு, அதை வெட்டும் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவன் மறிப்பான். அவர்களில் 'கிளி' எனப்படுபவன் நடுக்கோட்டிலும் ஓடி வந்து அடிப்பான். எதிரணி எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஒருவன் இடப்பக்கம் போக்குக் காட்டி மறிப்பவனை இழுத்தால், வலப்பக்கம் கூட்டாளிக்கு வழி பிறக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலோடு அப்பிக்கொள்ளும் கரிசல் மண்ணில் ஓடி ஆடுவது லேசல்ல. மந்தையும் களமும் தெருவுமே மைதானம். செலவு, கோடு கிழிக்க ஒரு குச்சி. இதில் பந்தே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், கால் பந்தை உணர்வதைக் கிளித்தட்டு கற்றுத்தராது. ஆனால் காலி இடத்தைக் காண்பதும், உடம்பால் ஏமாற்றுவதும், கூட்டாளிக்காக ஓடுவதும் சின்ன வயதில் பதியாவிட்டால் பிற்பாடு பதிவது கடினம். பந்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கிளித்தட்டு ஏன் அருகிப்போனது என்று கேட்டால், தொலைக்காட்சி தின்றுவிட்டது என்பது வழக்கமான பதில். கரிசலுக்கு அது பாதி உண்மைகூட இல்லை. தொலைக்காட்சி வீடு வீடாக வருமுன்பே, விடியுமுன் வரும் வண்டியில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் தீக்குச்சிக் கட்டை அடுக்கிய பிள்ளைகள் இங்கே ஏராளம். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுக்கும் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும் நிலைமை உடனே மாறவில்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டவேண்டும் என்று சொல்ல நேர்ந்தது. விளையாடும் பொழுதே கூலிக்குப் போன பிறகு எந்த ஆட்டம் மிஞ்சும்? பழைய தெருவைப் பொற்காலமாக்கவும் முடியாது. சாதிக்கொரு தெரு என்றிருந்த ஊரில் கிளித்தட்டும் அந்தந்தத் தெருவுக்குள்தான் ஓடியது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேரும் பள்ளி மைதானம் அதைவிட மேலானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கிய குழந்தைகள் லீகுகளைப் போல ஒன்றை இந்தப் பக்கத்துப் பள்ளிகள் நடத்துவதானால், முதல் அரைமணி நேரம் கிளித்தட்டு ஆடவிட்டு, பிறகு அதே கோடுகளுக்குள் பந்தைப் போடட்டும்.