கட்டுமரத்துக்கு எஞ்சின் வந்த கதை (பழைய எஞ்சினுக்கு நாடி பார்ப்பது எப்படி?)

கட்டுமரம் என்ற சொல்லைத் தமிழிடமிருந்து ஆங்கிலம் வாங்கிக்கொண்டது பலருக்கும் தெரியும். கரைக்கு வந்ததும் மீனவர்கள் அந்தக் கட்டுமரத்தின் கட்டைக் கழற்றி, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணீர் குடித்த மரம் கனக்கும், சீக்கிரம் உளுத்துப் போகும். அதனால்தான் இந்த வேலை. அப்போதே கையால் தட்டிப் பார்த்து, எந்த மரம் இன்னும் உழைக்கும், எதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்கள். இப்படி மரத்தைச் சோதித்துப் பழகிய கைகள் பிறகு எஞ்சினைச் சோதிக்கக் கற்றுக்கொண்டன. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் எஞ்சினுக்கு அவுட்போர்டு எஞ்சின் என்று பெயர். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1905-ல் அப்படி ஒன்றைச் செய்து, 1907-ல் காப்புரிமை பெற்றார். நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின்தான் பெரிய வெற்றி பெற்றது. அதன் சக்தி வெறும் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ! ஜப்பானின் யமஹா 1960-ல் தன் முதல் அவுட்போர்டு எஞ்சினை வெளியிட்டது. எவின்ரூட் பெயரில் வந்த எஞ்சின்களின் தயாரிப்பு 2020-ல் நின்றுபோனது.

நம் பக்கம் எஞ்சின் எப்படி வந்தது? 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. ஏற்கனவே இருந்த படகுகளிலேயே எஞ்சின் வைக்கத்தான் முதலில் முயன்றார்கள். அது சரிப்படாததால் டீசல் எஞ்சினை உள்ளே பொருத்திய புதுப் படகுகளைக் கட்டினார்கள். கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்த சாதாரண மீனவருக்கு அதனால் உடனே பெரிய பயன் இல்லை. 1980-களில் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவுட்போர்டு எஞ்சின் பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே உருவாக்கிய ஒட்டுப்பலகைப் படகுகளும், 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இதில் முக்கியமானவை. கூட்டமைப்பு எஞ்சினை வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், பழுது பார்க்கவும் ஏற்பாடு செய்தது.

பழுது பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த எஞ்சின் கடல் தண்ணீரையே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதன் உடம்போ அலுமினியம். கழுவாமல் விட்டால் உப்பு உள்ளேயே படிந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கும். இது போதாதென்று செலவைக் குறைக்க மண்ணெண்ணெயிலும் ஓட்டினார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் விலை குறைவு, ஆனால் கரி அதிகம் படியும்.

அதனால் கரையில் ஒரு சோதனை முறையே உருவானது. பழைய எஞ்சின் வாங்குபவர்கள் இன்றும் இதைத்தான் பார்க்கிறார்கள்.

முதலில் தண்ணீர். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டிலுள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். மெலிந்தால் உள்ளே அடைப்பு, அல்லது பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது பிளக். நுனி பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

மூன்றாவது கியர் எண்ணெய். அது பால் மாதிரி வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இரும்புத் துணுக்கு வந்தால் பல் உடைந்திருக்கலாம்.

நான்காவது கம்ப்ரஷன். இதுதான் உண்மையான நாடி. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அளவுமானியை வைத்து, கயிற்றை நாலைந்து முறை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். மானி இல்லாதவர்கள் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பார்கள். காற்று விரலை எத்தித் தள்ளினால் உயிர் இருக்கிறது!

இதெல்லாம் வெறும் காசுக் கணக்கு இல்லை. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் நின்றுபோனால், பாய் இல்லாத படகு நீரோட்டம் இழுத்த இடத்துக்குத்தான் போகும். கட்டுமரத்தில் துடுப்பும் பாயும் எப்போதும் கூடவே இருந்தன. எஞ்சின் வந்த பிறகு பல படகுகளில் பாய் காணாமல் போனது. அதனால் கரையில் செய்யும் சோதனையின் மேல்தான் உயிரே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி இதை இன்னொரு விதத்தில் காட்டியது. நாகப்பட்டினம், கன்னியாகுமரி, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரம் கடற்கரை என எல்லா இடத்திலும் எஞ்சின்கள் சேறும் உப்பும் கலந்த தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்வரைகூட அவ்வளவு கெடுவதில்லை. வெளியே எடுத்துச் சும்மா வைத்தால்தான் காற்றும் உப்பும் சேர்ந்து சீக்கிரம் அரிக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, எண்ணெய் ஊற்றிச் சுற்றிவிட வேண்டும். வீட்டையும் உறவையும் இழந்து நின்றவர்களிடம் அதற்கு நேரம் எங்கே இருந்தது?

அரசாங்கம் எஞ்சினை வேறு விதமாகப் பார்க்கிறது. கேரளத்தில் மானிய மண்ணெண்ணெய் பர்மிட் தருவதற்காகத் துறைகள் சேர்ந்து எஞ்சின்களைக் கூட்டு ஆய்வு செய்வது வழக்கம். அங்கே எஞ்சினின் வயதுக்கு வரம்பு உண்டு. கணக்குக்கு அது தேவைதான். ஆனால் தினமும் நல்ல தண்ணீரில் கழுவிய பழைய எஞ்சின், கழுவாத புது எஞ்சினை விட நன்றாக ஓடும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

மரத்தைக் காய வைத்த அதே மணலில்தான் இன்று எஞ்சினைக் கழுவுகிறார்கள். பொருள் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. கடலில் ஒரு படகு எத்தனை வருடம் உழைக்கும் என்பது கடலுக்குப் போகாத நேரத்தில் அதைக் கரையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.