கணக்குக் காட்டாதார்: உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் உணர்த்தும் தணிக்கை நெறி

உத்தரமேரூர் என்றவுடன் குடவோலை முறையே நம் நினைவிற்கு வருகிறது. ஆனால், அவ்வூர்க் கல்வெட்டுகள் தேர்தலைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஊர்ப்பொருளைக் கையாண்டோர் கணக்குக் காட்ட வேண்டிய கடமையையும் அவை வகுத்துரைக்கின்றன. அதிகம் பேசப்படாத அக்கூறே இக்கட்டுரையின் பொருளாகும்.

வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள இவ்விரு கல்வெட்டுகளும் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சார்ந்தவை. முதல் ஏற்பாட்டின்படி, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்களும், அப்போதுதான் பொறுப்பு நீங்கியவர்களின் நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். இரண்டே ஆண்டுகளில் விதிகள் மீண்டும் விரிவாக எழுதப்பட்டன. தீயோர் அழிந்து நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் நோக்கமாகும். முதல் ஏற்பாடு போதவில்லை என்பதை இவ்விரைவிலிருந்து நாம் உய்த்துணரலாம்.

921ஆம் ஆண்டு விதிகளின்படி, எந்த வாரியத்திலேனும் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படாது. அவருடைய தாய்வழி, தந்தைவழி உறவினரும், மண உறவினரும் ஒவ்வொருவராகச் சுட்டி விலக்கப்படுகின்றனர். ஒருவரது தவற்றிற்குச் சுற்றத்தார் விலக்கப்படுவது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. எனினும், கணக்கை ஒப்படைக்குமாறு அவரை நெருக்கும் பொறுப்பு இதனால் சுற்றத்தார்மேல் விழுந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

கணக்கெழுதுவோருக்கும் தனிவிதிகள் இருந்தன. நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கெழுதலாம். தம் காலத்துக் கணக்கைப் பெருமக்கள்முன் வைத்துத் தூயவர் எனத் தேறும்வரை அவருக்கு மீண்டும் அப்பணி இல்லை. அவர் எழுதிய கணக்கை அவரே ஒப்புவிக்க வேண்டும். வேறொருவர் புகுந்து முடித்தல் கூடாது. பொறுப்பைக் கைமாற்றித் தப்பும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.

இதனை மக்களாட்சி என மிகைப்படுத்துவதற்கில்லை. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே அங்கு வாய்ப்பிருந்தது. உழைத்து வரியை விளைவித்தோர் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றிருந்ததற்கு இக்கல்வெட்டுகளில் சான்றில்லை.

ஆயினும், கணக்கு முடியாமல் பதவி தொடரலாகாது என்னும் நெறி இங்குத் தெளிவாக உள்ளது. குடவோலையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், குடத்தில் யார் பெயர் இடப்பட்டது என்பதோடு, யார் பெயர் இடப்படவில்லை என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அவ்விதியின் உயிர்நாடி அங்கேயே இருப்பதாக நாம் கருதுகிறோம்.