ஜாவா ஸ்விங்கும் ஒற்றை இழை விதியும்

ஜாவாவில் எழுதிய சிறு விளையாட்டில் ஆட்டக்காரரின் புள்ளி கூடியிருக்கும். திரையிலோ பழைய எண்ணே நிற்கும். சாளரத்தை மூடும் பொத்தானும் வேலை செய்யாது. புதிய நிரலர்களை இன்றும் திகைக்க வைக்கும் இச்சிக்கலின் வேர், ஸ்விங் என்னும் வரைகலை நூலகம் உருவான விதத்தில் உள்ளது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1996 இல் வெளியிட்ட ஜாவா 1.0 உடன் ஏ.டபிள்யூ.டி. என்ற நூலகம் வந்தது. அதில் பொத்தான்களையும் பெட்டிகளையும் இயக்குதளமே வரைந்தது. எந்த இழையிலிருந்தும் அவற்றை அணுகலாம் என்பதே தொடக்ககால எண்ணம். அது எதிர்பார்த்தபடி அமையவில்லை. சுட்டியின் சொடுக்கு இயக்குதளத்திலிருந்து நிரலை நோக்கி மேலே வருகிறது. நிரலின் கட்டளையோ கீழே செல்கிறது. இரண்டும் ஒரே பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் கேட்டால், ஒன்றுக்காக மற்றொன்று காத்து இரண்டுமே முடங்கிவிடும்.

1998 டிசம்பரில் வெளியான ஜாவா 1.2 இல் இடம்பெற்ற ஸ்விங், பெரும்பாலான உறுப்புகளைத் தானே வரைந்தது. திரைக்கு வந்துவிட்ட உறுப்புகளை நிகழ்வு இழை ஒன்று மட்டுமே தொடலாம் என்றும் விதித்தது. கடுமையாகத் தோன்றினாலும் அது நல்ல முடிவே.

இந்த விதியின் விலையைத்தான் விளையாட்டு நிரலர் கொடுக்கிறார். எழுத்துப்பட்டையில் புதிய எண்ணை இட்டதும் அது உடனே வரையப்படுவதில்லை. 'மீண்டும் வரைக' என்ற கோரிக்கை வரிசையில் சேர்கிறது, அவ்வளவே. பொத்தானின் நிகழ்வுக்குள்ளேயே ஆட்டச் சுழற்சியை ஓட்டினாலோ இழையைத் தூங்க வைத்தாலோ, வரைய வேண்டிய அதே இழை சிக்கிக்கொள்கிறது. மாறி மாறி வந்திருக்க வேண்டிய பத்து எண்களில், சுழற்சி முடிந்த பின் கடைசி எண் மட்டும் தெரியும்.

ஆவணங்களும் குழப்பத்தை வளர்த்தன. உரைப்பெட்டியில் எழுத்தை மாற்றும் செயற்கூற்றை எந்த இழையிலிருந்தும் அழைக்கலாம் என்று அவை பல ஆண்டுகள் கூறிவந்தன. ஜாவா 7 இல் அவ்வரி நீக்கப்பட்டது.

ஆட்டத்துக்கு ஏற்ற கருவி ஸ்விங்கின் சொந்த நேரங்காட்டி. அது ஒவ்வொரு துடிப்பையும் நிகழ்வு இழையிலேயே தருவதால், துடிப்புகளுக்கு இடையில் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நீண்ட கணக்கீடுகளைப் பின்னணி இழைக்குத் தள்ளும் 'ஸ்விங்வொர்க்கர்', 2006 இல் ஜாவா 6 உடன் முறையாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த ஜாவாஎஃப்எக்ஸும் திரைக்கென ஒரே இழையையே வைத்துக்கொண்டது.